இமயத்தின் பனியும் பனிக்கட்டியும்: சேலத்திலிருந்து போகிறவர்கள் எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருப்பது?

அம்மாபேட்டை வாசகி, சேலம்

வணக்கம். என் அக்காள் மகன் கல்லூரி நண்பர்களோடு பிப்ரவரியில் உத்தராகண்டின் கேதார்கந்தா சிகரத்துக்கு நடைப்பயணம் போகிறான். அதே வீட்டுப் பெரியவர்கள் மே மாதத்தில் கேதார்நாத் யாத்திரைக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அங்கே பனியால் என்ன ஆபத்து வரும், அதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று இரண்டு தரப்பும் என்னைக் கேட்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த மலை ஆபத்து மழையோடு வருவது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்தபோது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அடைமழையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டாம் என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் 2021 பிப்ரவரி 7 அன்று அதே உத்தராகண்டின் சமோலியில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன வெள்ளம், மழையே இல்லாமல் வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்தது. மழையைப் பார்த்து உஷாராகும் பழக்கம் அங்கே உதவாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால், நான் அச்செடுத்து இரு தரப்புக்கும் கொடுப்பேன்.

கருங்கல், சேலம்

சகோதரிக்கு வணக்கம். நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

செய்திகளில் ஒன்றாகக் கலந்துவிடும் மூன்று நிகழ்வுகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சரிவில் படிந்த வெண்பனி அடுக்கு வழுக்கி இறங்குவது ஒன்று. மலையுச்சியில் தொங்கும் பனியாறோ, அதைத் தாங்கும் பாறையோ பெயர்ந்து விழுவது இரண்டாவது. பனியாற்றின் காலடியில் தேங்கிய ஏரி கரையுடைத்துப் பாய்வது மூன்றாவது. காரணமும் பருவமும் எச்சரிக்கைக் குறிகளும் மூன்றுக்கும் வேறு. உங்கள் அக்காள் மகனுக்குத் தேவையானது முதலாவது என்பதால் அதை இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

மலைச் சரிவில் பனி ஒரே குவியலாக இருப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு படலம். இடையில் வெயிலும் காற்றும் கடுங்குளிரும் ஒவ்வொரு படலத்தையும் வெவ்வேறு விதமாக மாற்றுகின்றன. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும்போது, அதன் அடியிலுள்ள தரை ஏறத்தாழ சுழியம் டிகிரியிலும் மேற்பரப்பு அதைவிட மிகக் குளிர்ந்தும் இருக்கும். அந்த வேறுபாட்டால் அடியிலிருந்து நீராவி மேலே ஏறி, கீழ்ப் படலத்தைப் பெரிய, கோணம் கோணமான, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடுகிறது. அதன் மேல் பின்னால் பெய்யும் கனமான பனி கெட்டிப் பலகையாக இறுகும். அப்போது பலகை மேலேயும் உதிரி மணிகள் கீழேயும் இருக்க, சரிவு போதிய செங்குத்தாகவும் இருந்தால், ஓர் ஆளின் எடையே போதும்: அடிப்படலம் நொறுங்கி, விரிசல் கணப்பொழுதில் குறுக்கே ஓடி, சரிவு முழுவதும் பலகையாகக் கழன்று வரும்.

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன. அதற்கும் செங்குத்தான இடங்களில் பனி அவ்வப்போது உதிர்ந்துவிடுவதால் பெரிதாகச் சேர்வதில்லை. மற்றொன்று, பலகைச் சரிவில் சிக்குகிறவர்களில் பெரும்பான்மையோர் விஷயத்தில், அதைத் தூண்டியவர் அவரே அல்லது உடன் வந்தவர். பனிச்சரிவு தானாக வந்து ஆளைத் தேடிப் பிடிப்பது அரிது; ஆள்தான் அதன் மேல் நடந்து அதை அவிழ்த்துவிடுகிறார். ஆகவே எங்கே நடப்பது, எப்போது நடப்பது என்ற இரண்டு முடிவுகளில் பெரும்பங்குப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. சரிவின் கோணத்தை இப்போது கைப்பேசியிலேயே அளந்துவிடலாம். கூடவே தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். நாம் நிற்கும் இடம் தட்டையாக இருந்தாலும் மேலேயுள்ள சரிவிலிருந்து வருவது அதுவரை ஓடி வரும்.

முன்னாள் சிப்பாய், ஓமலூர்

ஆசிரியர் ஐயா எழுதியதை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வடக்கே பனிமுகாம்களில் பணியாற்றியவன் நான். அங்கே துப்பாக்கிக் குண்டை விடப் பனியும் குளிரும் உயரமும் அதிக உயிர்களைக் கொண்டுபோயின என்பது சியாச்சின் போன எவருக்கும் தெரியும்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை குழி வெட்டுவது. நடக்கப்போகும் சரிவைப் போலவே சாய்வும் திசையும் கொண்ட, ஆனால் ஆபத்தில்லாத ஒரு சிறு மேட்டில், மண்வெட்டியால் பனியைச் செங்குத்தாக வெட்டிச் சுவர் போல வழித்துவிடுவோம். பிறகு மேலிருந்து கீழாகக் கையுறையோடு ஒவ்வொரு படலத்தையும் அழுத்திப் பார்ப்போம். மூடிய முஷ்டி உள்ளே போகிற அளவுக்கு மிருதுவா, நான்கு விரல் போகுமா, ஒரு விரல்தானா, பென்சில்தான் நுழையுமா, கத்தி முனைதான் ஏறுமா என்று படலத்தின் கெட்டித்தனத்தைக் குறிப்போம். மேலே பென்சில்கூடச் சிரமப்பட்டு நுழையும் படலமும், அதற்குக் கீழே முஷ்டி தாராளமாகப் போகும் படலமும் இருந்தால், அன்றைக்கு அந்தப் பக்கம் போக மாட்டோம். அடிப்படலத்தை உள்ளங்கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்காது. மணிமணியாக விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். அதைப் பார்த்த பிறகு மூத்த ஹவில்தார் எதுவும் பேசாமல் திரும்பி நடப்பார், நாங்களும் திரும்புவோம்.

குழி வெட்டாமலே தெரியும் குறிகளும் உண்டு. நடக்கும்போது காலடியில் 'வும்' என்று அடைத்த ஓசை கேட்டுப் பனி சற்றே இறங்கினால், கீழ்ப்படலம் நொறுங்குகிறது என்று பொருள். காலிலிருந்து விரிசல் கிளம்பி ஓடினாலும் அப்படியே. பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் இருந்தால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை. புதுப்பனி பெய்து முடிந்த முதல் ஓரிரு நாள்கள் மிக ஆபத்தானவை. பனியே பெய்யாமல் காற்று மட்டும் வீசினாலும், ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டுபோய் முகட்டின் மறுபக்கச் சரிவில் கொட்டிக் கனப்படுத்திவிடும். அதே காற்று முகட்டு விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனித்திட்டும் கட்டும்; படம் எடுக்க அதன் மேல் போய் நிற்கக் கூடாது, அடியில் தரை இருக்காது.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலையின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்ததில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளை ஒருவரும் இருந்தார். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள்களுக்குப் பிறகு உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். எல்லைக்கு அப்பால் கயாரியில் 2012 ஏப்ரல் 7 அன்று பாகிஸ்தான் முகாம் ஒன்றில் 140 பேர் புதைந்தார்கள். பல ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை என்பதால் ஓர் இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது என்று அந்த இரண்டு நிகழ்வுகளும் எங்களுக்கு உணர்த்தின.

சூரமங்கலம் மலையேறி, சேலம்

பெரியவர்கள் எழுதுவதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். கேதார்கந்தா ஏறத்தாழ 12,500 அடிதான். சியாச்சினோடு அதை ஒப்பிடுவது பொருந்துமா? ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஆயிரக்கணக்கானோர் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறி இறங்குகிறார்கள். பாதையின் பெரும்பகுதி தேவதாரு, ஓக் காட்டுக்குள் போகிறது. வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள். இத்தனை அச்சமூட்டினால், மலையேற நினைக்கும் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். குளிரையும் உயரத்தையும் சமாளிக்கப் பயிற்சி கொடுப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

கருங்கல், சேலம்

தம்பி சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அடர்ந்த பழைய காடு பனியைப் பிடித்து நிறுத்தும் என்பது உண்மை, அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. போக வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் காடு முடிந்து உச்சிக்குப் போகும் கடைசிப் பகுதி திறந்த சரிவு. பெரும்பனி பெய்த மறுநாளும் பயணத் திட்டப்படி ஏறியே தீர வேண்டும் என்ற அவசரம் அங்கேதான் ஆளைக் கெடுக்கும். ஐந்து நாள் விடுப்பு, முன்பதிவு செய்த ரயில், கட்டிய பணம் என்று எல்லாம் சேர்ந்து ஒருவரை மேலே தள்ளும். அதனால் பயணத்தில் ஒரு நாளைச் சும்மா விடுவதற்கென்றே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிருக்கான பயிற்சி தேவைதான். அது சரிவைத் தடுக்காது.

உயரம் குறைந்தால் ஆபத்து குறையும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அருகிலுள்ள மானாவில் எல்லைச் சாலை அமைப்பின் பணியாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். அது ஏறத்தாழ 10,500 அடி உயரத்தில் உள்ள ஊர். அவர்கள் மலையேறிகளும் இல்லை. தங்கியிருந்த இரும்புக் கொள்கலன் அறைகளில் காலையில் இருந்தவர்கள். பெரும்பனி பெய்துகொண்டிருந்த நாள் அது. எட்டுப் பேர் இறந்தார்கள், 46 பேர் மீட்கப்பட்டார்கள். கொள்கலன்களுக்குள் மூச்சுவிடக் காற்று இருந்தது பலரைக் காத்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் கீழ், முன்பு மணாலியிலும் இப்போது சண்டிகரிலும் இயங்கும் ஆய்வகம் குளிர்காலத்தில் மாவட்டவாரியாகப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. பிள்ளைகள் புறப்படும் முன்பும் சாங்க்ரியில் இறங்கிய பின்பும் அதைப் பார்க்கட்டும்.

சுரங்கவழி, மேட்டூர்

நான் மின்பணியாளன். வடக்கே நீர்மின் திட்டங்களில் ஒப்பந்த வேலைக்குப் போய்வந்தவன் என்பதால் சமோலி பற்றி நான் எழுதலாம் என்று நினைக்கிறேன். நடைப்பயணம் போகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்; பனியையே தொடாமல் கீழே ஆற்றோரத்தில் வேலை செய்கிற, சேலம், தருமபுரியிலிருந்தும் போகிற தொழிலாளர்களையும் இந்த இழை நினைவில் கொள்ள வேண்டும்.

அன்று ரோண்டி சிகரத்தின் வடமுகத்திலிருந்து ஏறத்தாழ 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் ஒன்றாகப் பெயர்ந்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை, ஒரு பங்குதான் பனிக்கட்டி. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் செங்குத்தாக விழுந்த வேகத்தில் ஏற்பட்ட உராய்வு வெப்பமே அந்தப் பனிக்கட்டியை உருக்கி, பாறைத்தூளோடு சேர்த்துக் கூழாக்கி, ரிஷிகங்கையிலும் தௌலிகங்கையிலும் ஓடவிட்டது. மழைக்கு அங்கே வேலையே இல்லை, உடைவதற்குப் பெரிய ஏரியும் இல்லை. 13.2 மெகாவாட் ரிஷிகங்கா நிலையம் துடைத்து எறியப்பட்டது. கட்டுமானத்தில் இருந்த 520 மெகாவாட் தபோவன் திட்டத்தின் சுரங்கங்களுக்குள் சேறு புகுந்தது. ஒரு சுரங்கத்திலிருந்து 12 பேரை உயிரோடு எடுத்தார்கள். மற்றொன்றில் இருந்தவர்களை எடுக்க முடியவில்லை.

அந்தக் காணொளிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேட்டில் நிற்கிற ஊர்க்காரர்கள் விசிலடிக்கிறார்கள், ஓடச் சொல்லிக் கத்துகிறார்கள்; கீழே கதவணையில் இருக்கிறவர்களுக்கு ஆற்றின் ஓசையில் அது எட்டவில்லை. மலை பெயர்ந்ததற்கும் தபோவனுக்கு வெள்ளம் வந்ததற்கும் இடையில் அரை மணி நேர அளவுக்கு இருந்தது. சுரங்கத்திலிருந்து வெளியே வந்து மேட்டில் ஏற அது போதும். மலை விழுந்த அதிர்வை அப்பகுதி நிலநடுக்கக் கருவிகள் பதிவு செய்திருந்தன. அந்த முகத்தில் விரிசல் ஒன்று முந்தைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது. அந்தத் தகவலைச் சைரனாக மாற்ற ஒரு கம்பியும் ஓர் ஆளும் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் வேலைக்குப் போகிற தம்பிகள் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இந்த ஆற்றின் தலைப்பில் பனியாறு இருக்கிறதா, சைரன் எங்கே, அதை யார் அடிப்பார், அடித்தால் எந்தப் பக்கம் மேட்டில் ஏறுவது. நான் ஒரு வேலையிடத்தில் இதைக் கேட்டபோது மேற்பார்வையாளர் விடை சொல்லாமல் நகர்ந்துவிட்டார். மேடு எங்கே என்று நாங்களே மாலையில் நடந்து பார்த்து வைத்துக்கொண்டோம்.

நாகலூர்த் தோட்டம், ஏற்காடு

ஐயா, உங்கள் பதிவைப் படித்து மனம் கனத்துவிட்டது. ஆசிரியர் சொன்ன மூன்றாவது வகையைக் கொஞ்சம் விளக்குவீர்களா? பனியே உறைந்துகிடக்கும் உயரத்தில் ஏரி எப்படி வருகிறது? கரையை யார் கட்டியது? நாங்கள் கேட்டதெல்லாம் அடிவாரத்து ஏரிகள் நிரம்பிக் கரை உடைவதுதான்.

கருங்கல், சேலம்

நீங்கள் சொன்ன நம் ஏரிக்கரையையே எடுத்துக்கொள்வோம் அம்மா. பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கரை போட்டவர்கள் மண்ணைத் தேர்ந்தெடுத்து, அடுக்கடுக்காகக் கொட்டி, இறுக்கி, மிகுநீர் வெளியேற வழியும் வைத்துக் கட்டினார்கள். பனியேரியின் கரையைக் கட்டியது பனியாறு. அது முன்னேறிய காலத்தில் உருட்டிக்கொண்டுவந்த பாறையும் மண்ணும் தூளும் அதன் நுனியிலும் பக்கங்களிலும் மேடாகக் குவிந்தன. மொரைன் என்பது அதுதான். பனியாறு உருகிப் பின்வாங்கியதும், அதற்கும் மேட்டுக்கும் இடையிலான பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது. அந்தக் கரையை யாரும் இறுக்கவில்லை, கலங்கல் வைக்கவில்லை. பல இடங்களில் அதன் உள்ளேயே பனிக்கட்டி புதைந்திருக்கிறது. அது உருக உருகக் கரை உள்ளுக்குள் தளர்ந்துகொண்டே போகும். நிலத்தில் நிரந்தரமாக உறைந்திருந்த ஈரம் வெப்பத்தால் இளகுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இப்படிப்பட்ட ஏரியை உடைக்க அதற்குள் எதாவது விழுந்தால் போதும். 2023 அக்டோபர் 3 இரவு சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்குள், பக்கத்து மொரைன் மேட்டின் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கன மீட்டர் சரிந்து விழுந்தது. அது எழுப்பிய பேரலை கரையைத் தாண்டி அதை அறுத்தது. சுமார் ஐந்து கோடி கன மீட்டர் தண்ணீர் டீஸ்டா பள்ளத்தாக்கில் இறங்கி, 60 கிலோமீட்டருக்கும் அப்பால் சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த ஏரி ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவந்தார்கள். 2016-இல் நீர்மட்டத்தைக் குறைக்கக் குழாய்களும் போடப்பட்டன. வளர்ந்துகொண்டிருந்த ஏரிக்கு அது போதவில்லை.

பெரு நாட்டின் கதை இதற்கு நேர்மாறானது, அதனால் அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1941 டிசம்பர் 13 அன்று பால்ககோச்சா ஏரி உடைந்து உவாராஸ் நகரின் ஒரு பகுதியை அழித்தது. அதன் பிறகு அந்த நாடு ஆபத்தான ஏரிகளைக் கணக்கெடுத்து, கரையில் வாய்க்கால் வெட்டியும், சுரங்கம் குடைந்து நீரை வடித்தும், செயற்கைக் கரை கட்டியும் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளைச் சீர்ப்படுத்தியது. நேபாளம் 2000-இல் ட்ஷோ ரோல்பா ஏரியின் மட்டத்தை மூன்று மீட்டரும், 2016-இல் எவரெஸ்ட் அருகிலுள்ள இம்ஜா ஏரியை மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாகவும் இறக்கியது. மூன்று மீட்டர் சிறிதாகத் தோன்றலாம். சாலையே இல்லாத ஐயாயிரம் மீட்டர் உயரத்துக்கு இயந்திரங்களைப் பிரித்துக் கொண்டுபோய்ச் செய்த வேலை அது.

சூரமங்கலம் மலையேறி, சேலம்

அப்படியானால் எல்லாவற்றுக்கும் புவி வெப்பமயமாதல்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா ஐயா? இணையத்தில் எந்த நிகழ்வு நடந்தாலும் அதுதான் முதல் வரியாக இருக்கிறது.

கருங்கல், சேலம்

ஏரிகள் பெருகுவதற்கும் விரிவதற்கும் பனியாறுகள் பின்வாங்குவது நேரடிக் காரணம்; அதில் ஐயமில்லை. மலையுச்சிப் பாறைகளின் வெடிப்புகளை ஒட்டவைத்திருக்கும் உறைபனி இளகுவதும் பல மலைத்தொடர்களில் அளந்து அறியப்பட்டது. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட முகம் விழுந்ததை அதன் கணக்கில் மட்டும் எழுதுவது சரியாகாது. பெருவின் உவாஸ்கரான் மலை 1962-இல் பனியும் பாறையுமாகச் சரிந்து ரான்ராயிர்கா என்ற ஊரையும் சுற்றுப்புறத்தையும் அழித்தது. 1970 மே 31 அன்று நிலநடுக்கம் அதே மலையை உலுக்க, யுங்காய் நகரம் முழுவதும் புதைந்தது. நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒரு மேட்டில் இருந்ததால், அங்கே ஓடி ஏறிய சிலர் பிழைத்தார்கள். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தில் லாங்டாங் கிராமத்தைப் புதைத்ததும் இப்படிப்பட்ட சரிவே. அதன் முன்னால் வந்த காற்றழுத்தம் எதிர்ப்பக்கத்து மரங்களையே சாய்த்தது.

சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன். 2025 மே மாதத்தில் அதற்கு மேலேயுள்ள சிகரத்திலிருந்து பாறைகள் பிர்ஷ் பனியாற்றின் மேல் விழுந்து குவிவதையும், அந்தப் பாரத்தால் பனியாறு வேகமெடுப்பதையும் கண்காணிப்பாளர்கள் அளந்தார்கள். மே 19 அன்று ஊரிலிருந்த சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். நடக்க முடியாத மாட்டை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். ஒன்பது நாள் கழித்து, மே 28 அன்று பனியாறு முழுவதும் இறங்கி ஊரின் பெரும்பகுதியை மூடியது. ஓர் ஆள் மட்டும் இறந்தார். மலை விழுவதைத் தடுக்க அங்கேயும் யாராலும் முடியவில்லை. அளந்தார்கள், சொன்னார்கள், சொன்னதும் மக்கள் வீட்டைப் பூட்டிக் கிளம்பினார்கள். சமோலிக்கும் பிளாட்டனுக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அம்மாபேட்டை வாசகி, சேலம்

எல்லோருக்கும் நன்றி. இப்போது பெரியவர்களின் கேதார்நாத் பற்றிக் கேட்கிறேன். 2013-ஐ நினைத்து அப்பா தயங்குகிறார். அம்மாவோ பிடிவாதமாக இருக்கிறார்.

கருங்கல், சேலம்

2013 ஜூன் 16, 17 தேதிகளில் நடந்தது மழையும் ஏரி உடைப்பும் சேர்ந்த நிகழ்வு. பருவமழை முன்னதாக வந்து, கரையாத பனியின் மேல் கொட்டியது. கோயிலுக்கு மேலேயுள்ள சோராபாரி ஏரிக்கு நீர் வெளியேற முறையான வழி கிடையாது. அது நிரம்பி 17-ஆம் தேதி காலையில் மொரைன் கரையை உடைத்தது. கோயிலின் பின்னால் வந்து நின்ற பெரும்பாறை நீரைப் பிரித்துவிட்டதால் கோயில் நின்றது, சுற்றியிருந்த கடைகளும் விடுதிகளும் போயின. அதன் பிறகு பாதையின் மேல்பகுதியை லிஞ்சௌலி வழியாக எதிர்க்கரைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

மே மாதத்தில் பருவமழை இருக்காது என்பதால் அந்தச் சேர்க்கை நிகழும் வாய்ப்பு குறைவு. அந்த மாதத்துக்கு உரிய ஆபத்து வேறு: நடைபாதை மலைமடிப்புகளைக் கடக்கும் இடங்களில், குளிர்காலச் சரிவுகள் கொண்டுவந்து கொட்டிய பனிக்குவியலை வெட்டிப் பாதை போட்டிருப்பார்கள், இருபுறமும் பனிச்சுவர் நிற்கும். பிற்பகல் வெயிலில் மேலேயுள்ள ஈரப்பனி அதே மடிப்பு வழியாகத்தான் மறுபடி இறங்கும். எனவே நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி, அந்த இடங்களை முற்பகலில் நிற்காமல் கடந்துவிட வேண்டும். பனிச்சுவரில் சாய்ந்து படம் எடுப்பதும் அங்கேயே இளைப்பாறுவதும் வேண்டாம். இரவு தங்குவதற்கு ஆற்றை ஒட்டிய விடுதியைத் தவிர்த்து, மேட்டில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மழை எச்சரிக்கை வந்தால், கௌரிகுண்டுக்குக் கீழேயுள்ள சோன்பிரயாகையிலேயே தங்கிவிடச் சொல்லுங்கள். அம்மா தாராளமாகப் போகட்டும். ஜூன் பாதியைத் தாண்டித் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

நாகலூர்த் தோட்டம், ஏற்காடு

சிப்பாய் ஐயாவுக்கு ஒரு கேள்வி. சரிவில் புதைந்தவரைத் தேட ஏதோ கருவி உண்டு என்று பேரன் சொல்கிறான். அந்தப் பிள்ளைகள் வாடகைக்கு எடுத்துப் போகலாமா?

முன்னாள் சிப்பாய், ஓமலூர்

டிரான்ஸீவர் என்பார்கள் அம்மா. எல்லோரும் இடுப்பிலும் மார்பிலும் கட்டிக்கொள்ள வேண்டும்; நடக்கும்போது அது 457 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அவரைக் கண்டுபிடிப்பார்கள். அதோடு நீளக் குச்சியும் மண்வெட்டியும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். இறுகிய சரிவுப்பனியை வெறுங்கையால் தோண்ட முடியாது. சுவிட்சர்லாந்தின் நெடுங்காலப் பதிவுகளின்படி, முழுதும் புதைந்தவர்களில் கால் மணிக்குள் எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்திருக்கிறார்கள்; 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர். மீட்புப்படை கீழிருந்து வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். ஆகவே கூட இருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும், அதற்குக் கருவியைவிடக் கை பழகியிருப்பது முக்கியம்.

பனி இல்லாமலே இதைப் பழகலாம். உங்கள் களத்தில் காப்பித் தோல் குவித்திருப்பீர்களே, அதில் ஒரு கருவியைச் சாக்கில் சுற்றிப் புதைத்துவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் நான் புதைக்கிறேன். முதலில் கருவியின் திரையில் அம்புக்குறி காட்டும் திசையில், தூரத்தைக் காட்டும் எண் குறையும்படி ஓட வேண்டும். எண் மூன்றுக்குக் கீழே வந்ததும் குனிந்து, கருவியைத் தரையோடு ஒட்டி மெதுவாக நகர்த்தி, மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து ஒரு சாண் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குச்சியைக் குத்த வேண்டும். தட்டுப்பட்டதும் குச்சியை அப்படியே விட்டு, அதற்கு நேர் மேலே நிற்காமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்ட வேண்டும். முகத்தையும் மார்பையும் முதலில் விடுவிக்க வேண்டும்.

நாகலூர்த் தோட்டம், ஏற்காடு

களம் ஜனவரி கடைசி வரை காப்பி காயவைக்க வேண்டும். அதற்கு முன்பென்றால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆள்கள் போன பிறகு வரலாம். பாதிக் களத்தை ஒதுக்கிவைக்கிறேன். மலைப்பாதையில் கூட்டமாக இருந்தால் குப்பனூர் வழியாக வாருங்கள்.

சூரமங்கலம் மலையேறி, சேலம்

நானும் வருகிறேன் ஐயா, என் குழுவினரையும் அழைத்துவருகிறேன். பெங்களூரில் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றில் விசாரித்துச் சொல்கிறேன். வேறு எதாவது கொண்டுவர வேண்டுமா?

முன்னாள் சிப்பாய், ஓமலூர்

வரும்போது புது அல்கலைன் மின்கலங்கள் வாங்கி வாருங்கள் தம்பி. திரும்பத் திரும்ப மின்னேற்றும் வகை வேண்டாம், கடைசியில் சட்டென்று இறங்கிவிடும், கருவியில் மீதி எவ்வளவு என்பதும் சரியாகத் தெரியாது. தேடும்போது கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்பதால், நேரம் பார்க்க ஒருவர் கைக்கடிகாரம் கட்டி வரட்டும். மண்வெட்டி அலுமினியத் தகடாக, கழற்றி மாட்டும் பிடியோடு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.